அஞ்சலிச் சுவரொட்டியும் காணவில்லை அறிவிப்பும்

கேள்வி: நான் கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள். திருச்சியில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். வயது 46. கல்லூரி விடுதியில் நாங்கள் ஆறு பேர் ஒன்றாக இருந்தோம். இன்று அவர்களில் ஒருவருடனும் எனக்குத் தொடர்பில்லை. ஒருத்தி நோயில் இறந்துவிட்டாள். இன்னொருத்தியுடன் சீட்டுப் பணத்தில் மனத்தாங்கல் வந்து, பேச்சு நின்று 14 ஆண்டுகள் ஆகின்றன. மற்ற மூவரும் சண்டை என்று எதுவும் இல்லாமலே விலகிப் போனார்கள். ஹம்பிக்குப் படிப்புச் சுற்றுலா போனபோது எடுத்த குழுப்படம் ஒன்று என்னிடம் உள்ளது. அதை வைத்து அந்த நட்புகளைப் பற்றி நான்கு எண்ணெய் வண்ண ஓவியங்கள் வரைந்துவிட்டேன், எதுவும் தேறவில்லை. “யாருக்குக் கண்ணீர் அஞ்சலி?” என்று என் கணவர் கேட்டார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. புகைப்படத்தைப் பார்த்து வரைவது தவறா? பேச்சை நிறுத்திவிட்ட தோழியை அவளுக்குத் தெரியாமல் வரைந்து, வரவிருக்கும் குழுக் கண்காட்சியில் வைப்பது முறையா? எண்ணெய் வண்ணத்தை விட்டு அக்ரிலிக்குக்கு மாறலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கடிதத்துடன் நீங்கள் இணைத்திருந்த நான்கு படங்களையும் பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தேன். உங்கள் கணவர் ஓவியம் படித்தவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களின் உருவ ஓவியங்களைத் திருத்தி வந்த நான் சொல்லியிருக்கக் கூடியதை அவர் மூன்றே சொற்களில் சொல்லிவிட்டார். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊர்த் தெருமுனைகளில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. முகம் நேராக நம்மைப் பார்க்கும், லேசாகச் சிரிக்கும். ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் படத்திலிருந்து அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, தோளில் இருந்த அடுத்தவர் கையை அழித்து, பின்னால் வானமோ மேகமோ வைத்திருப்பார்கள். அதைப் பார்க்கும் நமக்கு ஒருவர் போய்விட்டார் என்று தெரியுமே தவிர, போனவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது. உங்கள் நான்கு ஓவியங்களும் இந்த இலக்கணத்தில் ஒரு விதியைக்கூட மீறவில்லை. ஹம்பியின் பாறைகளை எடுத்துவிட்டு மங்கலான ஊதா நிறத்தைப் பின்னணியாக்கியிருக்கிறீர்கள். ஐந்து முகங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில், ஒரே ஒளியில் வைத்திருக்கிறீர்கள். இறந்தவளுக்கும் உயிரோடு இருப்பவர்களுக்கும் ஓவியத்தில் வேறுபாடே இல்லை.

அதே சுவரில் சில நேரம் இன்னொரு தாளும் ஒட்டியிருக்கும். ‘காணவில்லை’ என்று தலைப்பிட்ட அறிவிப்பு அது. அதை எழுதுபவர் அழுவதற்காக எழுதுவதில்லை, தேடுவதற்காக எழுதுகிறார். அதனால்தான் அதில் உயரம் இருக்கிறது, இடது புருவத்துத் தழும்பு இருக்கிறது, வீட்டை விட்டுப் போன அன்று உடுத்தியிருந்த உடையின் நிறம் இருக்கிறது, கடைசியாகப் பார்த்த இடம் இருக்கிறது. நட்பு முறிந்தவர்களை வரைய விரும்பும் ஓவியர் ஒட்ட வேண்டியது இந்த இரண்டாவது தாளைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதை உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி ஒரு சுவரொட்டியை வரைந்த ஓவியர் இருந்தார். லூசியன் ஃபிராய்டு 1952-இல் தம் நெருங்கிய நண்பரும் ஓவியருமான ஃபிரான்சிஸ் பேக்கனின் முகத்தை, அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிய செப்புத் தகட்டில் வரைந்தார். 1988-இல் பெர்லினில் நடந்த ஃபிராய்டின் கண்காட்சியிலிருந்து அந்தச் சிறு ஓவியம் திருடு போயிற்று. அதற்குள் நண்பர்கள் இருவரும் விலகிப் போயிருந்தார்கள். 1992-இல் பேக்கன் இறந்தும் போனார். 2001-இல் ஃபிராய்டு, காவல்துறையினர் ஒட்டுவது போன்ற ஒரு தேடல் சுவரொட்டியைத் தாமே வடிவமைத்தார். நடுவில் பேக்கனின் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் வைத்து, வைத்திருப்பவர் தயவுசெய்து தம் கண்காட்சிக்குத் தந்துதவ வேண்டும் என்ற வேண்டுகோளோடு பெர்லின் நகரெங்கும் ஒட்டச் செய்தார். ஓவியம் இன்றுவரை மீளவில்லை. அவர் தேடியது ஓவியத்தைத்தான். ஆனாலும் சுவரில் இருந்தது நண்பரின் முகம்.

இனி உங்கள் முதல் கேள்வி. புகைப்படத்தைப் பார்த்து வரைவது தவறில்லை. தவறு எங்கே நேர்கிறதென்றால், உங்கள் தோழிகளை நினைவில் வைத்திருப்பது அந்தப் புகைப்படம்தான் என்று நம்பும்போது நேர்கிறது. குழுப்படத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோரும் படம் எடுப்பவரைப் பார்க்கிறார்கள். அங்கே நீங்கள் ஆறு பேரும் ஒருவருக்கொருவர் தோழிகளாக இருந்த அந்த நொடி, ‘ஸ்மைல்’ என்று யாரோ சொன்னதும் நின்றுவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தப் படத்தையே எடுத்து எடுத்துப் பார்த்ததில், உங்கள் மனத்தில் இருந்த ஐந்து முகங்களையும் அந்த அட்டை தின்றுவிட்டிருக்கிறது. எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. என் தாயாரின் முகம் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது குடும்ப அட்டைக்காக எடுத்த படத்தில் இருக்கும் முகம்தான் என்று ஒருநாள் உறைத்தபோது, அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

பேக்கன் நண்பர்களை நேரில் உட்காரவைத்து வரைவதைவிடப் புகைப்படத்தை வைத்து வரைவதையே விரும்பினார். ஆனால் அவர் அதற்கு அடிமையாகவில்லை. 1951-இல் அவர் வரைந்த ஃபிராய்டின் ஓவியத்துக்கு அடிப்படையாக இருந்தது எழுத்தாளர் காஃப்காவின் புகைப்படம் ஒன்று. நண்பரை வரைய வேறொருவரின் உடலை எடுத்துக்கொண்டார். இதில் உங்களுக்குப் பயன்படக்கூடிய பாடம் இருக்கிறது: தோழியின் உடல் அமைந்திருந்த விதத்துக்கு உங்கள் அக்காள் மகளையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ உட்காரவைத்து வரையலாம். அவள் முகம் இவளுக்கு இருக்க வேண்டியதில்லை. அவள் உட்கார்ந்த விதம் இருந்தால் போதும்.

அந்த விதத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்திலிருந்தே எடுக்கலாம். இரண்டாம் பக்கத்தில், ‘தூரிகை கழுவிய தண்ணீரைத் தேநீர் என்று நினைத்து டம்ளரை வாய்வரை கொண்டுபோய்விடுவாள்’ என்று ஒருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சீட்டுப் பணத்தில் பிணங்கிய தோழியைப் பற்றிச் சொல்லும்போது, ‘எவ்வளவு பணம் எண்ணினாலும் கடைசி நோட்டை மட்டும் இரண்டு முறை எண்ணுவாள்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். காணவில்லை அறிவிப்பின் அங்க அடையாளங்கள் இவைதாம். ஓவியத்தின் நடுவில் இருக்க வேண்டியதை அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டு, புகைப்படத்தின் சிரிப்பைக் கேன்வாஸ் நடுவில் வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே ஒரு பயிற்சி சொல்கிறேன். குழுப்படத்தை ஒரு உறையில் போட்டு ஒட்டி, வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் இருபது நிமிடம், கரித்துண்டும் சாதாரணத் தாளும் மட்டும் வைத்துக்கொண்டு, நினைவிலிருந்து வரையுங்கள். முதல் வாரம் முகத்தை வரையவே கூடாது. முதுகு, பின்கழுத்து, பின்னல், துணி துவைக்கும் கல்லருகே குந்தியிருந்த முழங்கால், மாடிப்படியில் இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே வந்த கை ஆகியவற்றை மட்டும் வரையுங்கள். பத்தில் எட்டுத் தாள்கள் குப்பைக்குத்தான் போகும்; அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நினைவு எங்கே கோட்டைத் தடுமாறாமல் இழுக்கிறது, எங்கே பொதுவான ஒரு பெண் உருவத்தை வைத்து நிரப்பிவிடுகிறது என்பது நாலைந்து நாட்களில் உங்கள் கைக்கே தெரிந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் லெகாக் டி புவாபோத்ரான் என்ற ஆசிரியர் இதைப் பாடத்திட்டமாகவே வைத்திருந்தார். மாணவர்களை லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பி ஓவியங்களைப் பார்த்துவரச் செய்து, திரும்பி வந்து நினைவிலிருந்தே வரைய வைத்தார். அவருடைய மாணவர் ஃபாந்தான் லாத்தூர் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் ஓவியங்களில் நான் கண்ட பெரிய குறையை இப்போது சொல்கிறேன். நான்கிலும் நீங்கள் இல்லை. ஐந்து தோழிகளை வரைந்தவர் ஆறாவது ஆளை விட்டுவிட்டார். ஒருத்தியை மட்டும் தனியாக வரைந்தால் அது உருவப்படம்; எவ்வளவு நன்றாக வந்தாலும் அதில் நட்பைக் காட்ட முடியாது, ஏனென்றால் நட்பு இருந்தது உங்கள் இருவருக்கும் நடுவில். அந்த நடுவை வரைய வேண்டுமானால் இரண்டு உருவங்கள் வேண்டும், அல்லது ஒரு உருவமும் இன்னொருவர் இருந்து எழுந்துபோன இடமும் வேண்டும்.

திருச்சியிலிருந்து ஒரு மணிநேரப் பயணத்தில் இதற்கு ஓர் ஆசான் இருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உட்பாதைச் சுவரில், சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகும் காட்சியைச் சோழர்காலத்து ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். சுந்தரர் வெள்ளை யானையில், சேரமான் குதிரையில். நண்பன் புறப்பட்டுவிட்டான் என்று அறிந்ததும் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதி, அதை வானில் செலுத்திக்கொண்டு அவன் பின்னால் போனவர் சேரமான் என்பது நாம் அறிந்த கதை. அந்தச் சுவரில் நான் எப்போதும் பார்ப்பது முகங்களை அல்ல; யானையின் நடைக்கும் குதிரையின் பாய்ச்சலுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். ஒருவர் அழைக்கப்பட்டுப் போகிறார், மற்றவர் அழைக்கப்படாமலே போகிறார் என்பதை இரண்டு விலங்குகளின் கால்களே சொல்லிவிடுகின்றன. நட்பில் இருவரும் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. விலகிப்போன உங்கள் மூன்று தோழிகளின் கதையும் ஒருவேளை இவ்வளவுதான்: யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை, ஒருவர் யானையிலும் ஒருவர் குதிரையிலும் போனார்கள். உட்பாதைக்குள் எல்லோரையும் அனுமதிப்பதில்லை. நல்ல அச்சுப் படங்களிலாவது பாருங்கள். பார்க்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்த ஓவியங்கள் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் நூற்றாண்டுக் கணக்கில் மறைந்திருந்தவை. மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியில் வேறொன்று இருப்பதை 1931-இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். நீங்கள் தேறவில்லை என்று ஒதுக்கிய நான்கு கேன்வாஸ்களையும் தூக்கி எறியாமல், அவற்றின் மேலேயே வரையலாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அடியிலுள்ள சிரித்த முகத்தின் விளிம்பு ஓரிடத்தில் தெரிந்தால் தெரியட்டும்.

சண்டையில்லாமல் போன மூவருக்கும் முகமே வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 1888-இல் பிரான்சின் ஆர்ல் நகரத்தில் ஓவியர்கள் வான்கோவும் கோகெனும் ஒரே வீட்டில் இரண்டு மாதம் சேர்ந்திருந்தபோது, வான்கோ இரண்டு நாற்காலிகளை வரைந்தார். தமக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு சாதாரண நாற்காலி, பகல் வெளிச்சத்தில்; கோகெனுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி, இரவு வெளிச்சத்தில், இருக்கையில் எரியும் மெழுகுவத்தியும் இரண்டு புத்தகங்களும். அந்த டிசம்பரில் இருவரும் பிரிந்தார்கள். பிறகு கடிதம் எழுதிக்கொண்டார்களே தவிரச் சந்திக்கவில்லை. வான்கோ இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, 1901-இல், எங்கோ தாஹித்தித் தீவில் இருந்த கோகென் ஒரு கைப்பிடி நாற்காலியை வரைந்து அதன்மேல் சூரியகாந்திப் பூக்களை வைத்தார். டம்ளரை வாய்வரை கொண்டுபோனவளுக்கு அந்த டம்ளரே போதுமா என்று யோசித்துப் பாருங்கள்.

சீட்டுப் பணத் தோழியின் விஷயம் வேறு. அங்கே நீங்கள் சற்று நிற்க வேண்டும்.

நான் படித்த நாட்களில் என்னுடன் ஒரே அறையில் இருந்த நண்பர் ஒருவர், ஒரு வாடகைப் பாக்கி விவகாரத்தில் என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஏழெட்டு ஆண்டுகள் கழித்து நாங்கள் இருவரும் அந்த அறையில் இருப்பதாக ஒரு பெரிய ஓவியம் வரைந்தேன். நான் ஜன்னலோரம் நின்று வரைந்துகொண்டிருப்பேன். அவர் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருப்பார். நன்றாக வந்துவிட்டதாக நினைத்து என் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “வழக்கில் ஜெயித்துவிட்டாய் போலிருக்கிறதே” என்றார். ஜன்னல் வெளிச்சம் முழுவதையும் எனக்கே எடுத்துக்கொண்டிருந்தேன். நண்பருக்கு அழுக்குப் பழுப்பு நிறம். அந்த அறையில் ஜன்னலோரக் கட்டில் உண்மையில் அவருடையது. நான் சுவரோரம் இருந்தவன். இது எனக்கே மறந்து போயிருந்தது. அந்தக் கேன்வாஸைத் திருத்திக் கட்டிலை ஜன்னலுக்கு நகர்த்தியபோது, வெளிச்சம் அவர் முதுகில் விழுந்து, என் முகம் நிழலுக்குப் போயிற்று. பாக்கியை யார் தர வேண்டியிருந்தது என்பதை நான் இங்கே எழுதாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

உங்கள் மூன்றாவது ஓவியத்தில் அந்தத் தோழியின் முகத்தில் மட்டும் கன்னத்தின் கீழே பச்சை கூடுதலாக இருக்கிறது. வேண்டுமென்றே செய்தீர்களா? இல்லையென்றால் உங்கள் தூரிகை அங்கே வழக்குப் பேசியிருக்கிறது. கடைசி நோட்டை இரண்டு முறை எண்ணும் அவள் விரல்களை வரையுங்கள். ஆனால் அதைப் பேராசையாகக் காட்டாதீர்கள். அது கவனமாகவும் இருக்கலாம், வறுமையில் வளர்ந்த வீட்டின் பழக்கமாகவும் இருக்கலாம். எது என்று தீர்ப்புச் சொல்லாமல் விரல்களை மட்டும் சரியாக வரைந்தால், பார்ப்பவர் தம் வாழ்வில் பணம் எண்ணிய யாரையாவது நினைத்துக்கொள்வார். எதிரில் பணத்துக்காகக் காத்திருக்கும் உங்களையும் வரையுங்கள். உங்கள் கண் எங்கே இருந்தது, நோட்டிலா, அவள் முகத்திலா? இந்த ஓவியத்தில் கடினமான இடம் அதுவாகத்தான் இருக்கும்.

பிணக்கையே தன் உடலில் தாங்கிய ஓவியம் ஒன்று ஜப்பானில் கிடாக்யூஷூ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் எட்கர் டேகா 1868–69-இல் தம் நண்பரும் ஓவியருமான எதுவார் மனேயையும் அவர் மனைவி சூசானையும் வரைந்து அவர்களுக்கே பரிசாகக் கொடுத்தார். மனே சோபாவில் சரிந்து கிடக்கிறார். சூசான் பியானோ வாசிக்கிறார். பின்னர் ஒருமுறை மனேயின் வீட்டுக்குப் போன டேகா, தம் ஓவியத்தில் சூசானின் முகம் இருந்த பகுதியைக் காணாமல் திகைத்தார். மனைவியின் முகம் சரியாக வரவில்லை என்று மனே அதைக் கத்தியால் வெட்டி எடுத்திருந்தார். டேகா ஒன்றும் பேசாமல் ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார். மனே தமக்குத் தந்திருந்த ஓர் ஓவியத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு வெட்டுண்ட பக்கத்தில் வெறும் கேன்வாஸ் துண்டு ஒன்றை ஒட்டுப்போட்டு, சூசானை மறுபடி வரைந்து முடிக்க நினைத்தார். வரையவே இல்லை. இன்றும் அந்த ஓவியத்தின் வலப்பக்கம், மேலிருந்து கீழ்வரை, வண்ணம் படாத பழுப்புப் பட்டையாக நிற்கிறது. நண்பர்கள் பின்னர் சமாதானமாகிவிட்டார்கள். பட்டை மட்டும் அப்படியே இருந்துவிட்டது. டேகா அந்த ஓவியத்தைத் தம் வீட்டுச் சுவரில் மாட்டியே வைத்திருந்தார்.

இதில் என்னை மிகவும் பாதிப்பது அதற்குப் பின் நடந்தது. மெக்சிகோவின் மாக்சிமிலியன் மன்னரைச் சுட்டுக்கொல்லும் காட்சியை மனே பெரிய ஓவியமாக வரைந்திருந்தார். அதுவும் காலப்போக்கில் துண்டு துண்டாக வெட்டப்பட்டுச் சிதறிப்போயிற்று. மனேயின் மறைவுக்குப் பிறகு அந்தத் துண்டுகளைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தவர் டேகா. லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இன்று அத்துண்டுகள் ஒரே கேன்வாஸில், நடுநடுவே வெற்றிடங்களோடு, பொருத்தப்பட்டிருக்கின்றன. தம் ஓவியத்தை வெட்டியவரின் வெட்டுண்ட ஓவியத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார் டேகா. நட்பைப் பற்றி அவர் தனியாக எதையும் வரைந்திருக்க வேண்டியதில்லை.

இப்போது கண்காட்சிக் கேள்விக்கு வருகிறேன். தோழிக்குத் தெரியாமல் வைக்கலாமா என்றால், அவளை யார் என்று பிறர் கண்டுகொள்ளும்படி வைக்கக் கூடாது. சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, குழுக் கண்காட்சிக்கு வரப்போகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் கல்லூரிக்காரர்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்கள் முகத்தைப் பார்த்த உடனே ‘அட, இது இவள்தானே, இருவருக்கும் சீட்டுத் தகராறு’ என்பார்கள். அந்த நொடியிலேயே ஓவியம் வம்புப் பேச்சாகிவிடும். முன்பு சொன்ன ஃபாந்தான் லாத்தூர் 1872-இல் கவிஞர்கள் சிலரை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தி வரைந்தார். வெர்லேனும் பதினேழு வயது ராம்போவும் இருக்கும் படத்தில் தாம் இருக்க மாட்டேன் என்று ஆல்பெர் மெரா என்ற கவிஞர் மறுத்துவிட்டார். ஓவியர் சச்சரவு செய்யவில்லை. மெரா இருக்க வேண்டிய மேசை மூலையில் ஒரு மலர்ச்செடியை வரைந்து முடித்துவிட்டார். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் எல்லோரையும் விட்டுவிட்டு முதலில் அந்தச் செடியைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் தோழியின் முகத்தைக் கேன்வாஸின் விளிம்புக்கு வெளியே விட்டுவிட்டு விரல்களை மட்டும் உள்ளே வைத்தால், அவள் மானமும் காப்பாற்றப்படும், ஓவியமும் கூர்மையடையும்.

தலைப்பிலும் கவனம் வேண்டும். நான் சொன்ன அந்த அறை ஓவியத்தைக் காட்சிக்கு வைத்த கூடத்தார், என்னைக் கேட்காமலே கையேட்டில் ‘மறைந்த நண்பரின் நினைவாக’ என்று அச்சிட்டுவிட்டார்கள். நண்பர் வேறோர் ஊரில் நலமாக இருந்தார். கையேட்டைப் பார்த்த அவருடைய தங்கை பதறிப்போய் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். நண்பர் அழைக்கவில்லை. ‘நினைவாக’, ‘நினைவலைகள்’, ‘பசுமையான நாட்கள்’ போன்ற சொற்கள் உங்கள் பட்டியலில் இருக்கின்றன. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ‘மாடிப்படி’, ‘கடைசி நோட்டு’ என்று பொருளின் பெயரையே இடுங்கள்.

இறந்துபோன தோழியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நீங்களும் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள். ஒன்றை மட்டும் சொல்லலாம். பிக்காசோவின் இளமைக்கால நண்பர் காசாகெமாஸ் 1901-இல் பாரிஸில் உயிரை மாய்த்துக்கொண்டார். பிக்காசோ அப்போது ஸ்பெயினில் இருந்தார். 1903-இல் ‘வாழ்வு’ என்ற பெரிய ஓவியத்தை வரைந்தபோது, அதிலுள்ள ஆணுக்குத் தம் முகத்தையே முதலில் வைத்தார். பிறகுதான் அதை அழித்து நண்பரின் முகத்தை வரைந்தார். எக்ஸ்ரே படங்களில் அடியிலுள்ள முகம் தெரிகிறது. நண்பரின் முகத்தை அங்கே வைக்க அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வரவிருக்கும் கண்காட்சிக்குள் இந்த ஓவியம் முடிந்தாக வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்காதீர்கள். மற்ற நான்கு ஓவியங்களுடன் அளவெடுத்து, அடிப்பூச்சு மட்டும் பூசிய ஐந்தாவது கேன்வாஸாக அது வீட்டில் சாய்ந்திருக்கட்டும்.

எண்ணெயா, அக்ரிலிக்கா என்பது இதில் சிறிய கேள்வி. நினைவிலிருந்து வரைபவர் அடிக்கடி அழித்து எழுத வேண்டியிருக்கும். மெதுவாக உலரும் எண்ணெய் வண்ணம் அதற்கு இடம் கொடுக்கும். துணியால் துடைத்தால் போய்விடும், போனது போகச் சாயல் தங்கியிருக்கும். திருச்சி வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும். எண்ணெயிலேயே இருங்கள். பழைய கேன்வாஸ்களின் மேல் வரையும்போது மட்டும், வண்ணம் தடித்த இடங்களை நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், தேய்த்த கழிவைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். அளவைப் பெரிதாக்க வேண்டாம். மூன்றடிக்கு நான்கடி என்பது சீட்டுப் பணம் எண்ணும் இரண்டு கைகளுக்குத் தாராளம்.

அவளுக்கு அழைப்பிதழ் அனுப்பலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, பிறகு அழித்திருக்கிறீர்கள். எழுத்தின் தடம் தாளில் இருக்கிறது. அனுப்புங்கள். மற்ற எல்லோருக்கும் போகும் அதே அச்சிட்ட அட்டை போகட்டும், முகவரியை மட்டும் உங்கள் கையால் எழுதுங்கள். ‘கடைசி நோட்டு’ ஓவியத்தை அட்டையில் அச்சிட வேண்டாம். அவள் வந்தால் நேரில் பார்க்கட்டும்.

அன்புடன்,
ஓவிய ஆலோசகர்